பஸ்ஸில் சிரித்தவர்கள்

அன்புள்ள சார்,

ஸ்பானிய நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதும்போது ‘லா யமாதா’வை ஒரே வரியில் ‘அவசியம் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். பார்த்தேன். சிரித்தேன். ஆனால் முடிந்தபிறகு ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

எங்களுடையது கத்தோலிக்கக் குடும்பம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் எங்கள் பங்கிலிருந்து ஐந்து பெண்களை இறையழைத்தல் முகாமுக்கு, அதாவது துறவுக்கு அழைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் முகாமுக்கு, அனுப்பினார்கள். நான்கு நாள். ஜெபமாலை, ஆக்‌ஷன் சாங், மதியம் தூக்கம் வரும் வகுப்பு. கடைசி இரவு ஒரு சிஸ்டர், “உள்ளே ஏதாவது குரல் கேட்டதா?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் கேட்டது என்றாள். ஊர் திரும்பும்வரை பஸ்ஸில் நாங்கள் நான்கு பேரும் அவளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரியாகி, இப்போது வடக்கே எங்கோ ஒரு மிஷன் பள்ளியில் இருக்கிறாள்.

படத்தில் கடவுளுக்கு மினுமினுக்கும் கோட்டு மாட்டிவிட்டுப் பாப் பாட்டுப் பாடவைப்பது கேலி இல்லையா? இந்தப் படத்தை அவளுக்கு அனுப்பலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

ம.

*

அன்புள்ள ம.,

பஸ் விஷயத்தை எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேயே இருக்கிறது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. ஸ்பெயினில் செகோவியா பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு கோடை முகாம். மரியாவும் சுசானாவும் பதினேழு வயதுத் தோழிகள். ரெகெட்டான் என்கிற லத்தீன் நடன இசைப் பைத்தியம், இரவில் முகாமைவிட்டு நழுவிப்போய்க் கச்சேரி பார்க்கிற ரகம். (மரியாவாக நடித்த மகரேனா கார்சியாவுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. கல்லூரி மாணவராக வரும் நம் கதாநாயகர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது உறுத்தாது.) ஓர் இரவில் ஒளி வெள்ளத்துக்கு நடுவே படிக்கட்டில் கடவுள் இறங்கி வருகிறார். நடுத்தர வயதுக்காரர், மேடைப் பாடகர் உடை. வாயைத் திறந்தால் அமெரிக்கப் பாப் பாடகி விட்னி ஹூஸ்டன் பாட்டு.

நானும் முதல் தடவை பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, இது ஒரு கூத்து என்று நிறுத்திவிட்டேன். ஒரு வருஷம் கழித்துத்தான் முழுதாகப் பார்த்தேன். பிசகு என்னுடையது. கடவுளின் கோட்டைப் பார்த்துக்கொண்டு, மரியாவின் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

கடவுள் வந்துபோன பிறகு மரியா என்ன செய்கிறாள் என்று நினைத்துப் பாருங்கள். மறைக்கிறாள். இந்த வயதுப் பெண்களைப் பற்றிய படங்களில் வழக்கமாக மறைக்கப்படுவது காதல், சிகரெட், மதிப்பெண். இங்கே மறைக்கவேண்டிய ரகசியமே பக்திதான். சிநேகிதியிடம் சொன்னால் மானம் போய்விடும். படத்தின் சிரிப்பெல்லாம் இந்தக் கூச்சத்திலிருந்து கிளம்புகிறது. உங்கள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிய பெண்தான் மரியா. நீங்கள் நான்கு பேரும் சுசானா. உங்களை உறுத்தியது கடவுளின் கோட்டு இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தலைப்பிலும் இது இருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘யமாதா’ என்றால் போன் அழைப்பு. துறவுக்கு வரும் அழைப்புக்கும் அதே சொல்தான். தமிழிலும் ‘அழைப்பு’ இந்த இரண்டு வேலையையும் செய்யும் என்பதால், உங்கள் முகாமின் பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மன்னியுங்கள்.

அப்புறம் அந்தப் பாட்டு. எப்போதும் உன்னை நேசிப்பேன் என்று விட்னி 1992இல் உச்சஸ்தாயியில் பாடியதைக் காதல் பாட்டு என்று நினைத்துக் கல்யாணங்களில் போடுகிறார்கள். அசலில் அது விடைபெறும் பாட்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி டாலி பார்ட்டன், தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைவிட்டு விலகும்போது, 1970களின் தொடக்கத்தில் எழுதியது. ‘நான் போகிறேன், ஆனால் அன்பு போகாது’ என்பதுதான் அதன் சாரம். ஒரு பெண்ணைத் தோழியிடமிருந்தும் ஆட்டபாட்டத்திலிருந்தும் பிரித்துக் கூட்டிப்போக வருகிற கடவுள், பிரிவுப் பாட்டோடு வருகிறார். விட்னியோ நியூவார்க்கில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். அந்தக் குரல் கோயிலிலிருந்து கிளம்பி டிஸ்கோவுக்குப் போய், கடவுள் வாய் வழியாகத் திரும்பி வருகிறது. இயக்குநர்கள் இவ்வளவு யோசித்தார்களோ இல்லையோ, பாட்டு யோசித்திருக்கிறது.

இயக்குநர்கள் ஹவியேர் ஆம்ப்ரோசி, ஹவியேர் கால்வோ. ஸ்பெயினில் ‘லாஸ் ஹவிஸ்’ என்றால்தான் தெரியும். மரியாவாக நடித்தவர் ஆம்ப்ரோசியின் தங்கை. 2013இல் மாட்ரிட்டில் லாரா நாடக அரங்கின் வரவேற்புக் கூடத்தில் சின்ன இசை நாடகமாகத் தொடங்கி, கூட்டம் சேர்ந்து பெரிய மேடைக்குப் போய், 2017இல் படமானது. கூடத்தில் போட்ட நாடகத்தின் நெருக்கம் படத்திலும் தெரிகிறது. பெரும்பகுதிக்கு இரண்டு பெண்கள், இரண்டு கன்னியாஸ்திரிகள், அவ்வளவுதான்.

கேலியா என்று கேட்டீர்கள். கேலி என்றால் என்ன என்று ஸ்பெயின்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1961இல் ஸ்பானிய இயக்குநர் புனுவேலின் ‘விரிதியானா’வில் பிச்சைக்காரர்கள் குடித்துக் கும்மாளமிட்டபடி இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம்போல வரிசையாக உட்காருவார்கள். கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது கிடைத்தது, வத்திக்கான் நாளிதழ் கண்டித்தது, ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு தடை போட்டது. பிராங்கோ செத்தபிறகு, 1977இல்தான் அந்தப் படம் ஸ்பெயினில் திரையைப் பார்த்தது. அதே பிராங்கோ காலத்தில், 1967இல், சித்ரோயன் காரை ஓட்டத் தெரியாமல் ஓட்டி ஊரைக் கலக்கும் கன்னியாஸ்திரி படம் ஒன்றும் வந்து சக்கைப்போடு போட்டது. யாருக்கும் வலிக்காத சிரிப்பு. 1983இல் இயக்குநர் அல்மதோவார் ஒரு கன்னியர் மடத்தையே காட்டினார். போதைப்பொருள், மடத்துத் தலைவி மதர் சுப்பீரியரின் காதல், தோட்டத்தில் ஒரு புலி. புலியை நான் இட்டுக்கட்டவில்லை.

‘லா யமாதா’ இதில் எதனோடும் சேராது. புனுவேலுக்குத் திருச்சபையோடு தீர்க்கவேண்டிய கணக்கு இருந்தது, அது உள்ளே இருந்தவனின் கோபம். ‘லா யமாதா’ இயக்குநர்கள் இருவரின் தலைமுறைக்கு அந்தக் கணக்கு பாட்டன் சொத்துத் தகராறு மாதிரி. அதனால் அவர்களால் கிதார் வாசிக்கும் சிஸ்டரை வெறுக்காமல் பார்க்க முடிகிறது. 1960களில் கத்தோலிக்க வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கிதார் கோயிலுக்குள் வந்ததும், பாட்டுப் போட்டால் பிள்ளைகள் ஓடிவந்துவிடுவார்கள் என்று நம்பிய ஒரு தலைமுறைக் கன்னியர் உலகமெங்கும் உண்டு. படத்தில் சிஸ்டர் பெர்னார்தா அந்த ரகம். தன் பாட்டின்மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையைப் பார்த்தால் சிரிக்காமலும் இருக்க முடியாது, மரியாதை வராமலும் இருக்காது.

ஆனால் என் மனசு நின்றது சிஸ்டர் மிலாக்ரோஸிடம். பெலேன் குவேஸ்தா நடித்தது. இளவயது, பாடப் பிடிக்கும், பாட்டை எங்கோ விட்டுவிட்டு வந்தவர். மரியாவுக்கு அழைப்பு வருகிறது. இவருக்கோ தனக்கு வந்தது சரியான அழைப்புதானா என்ற சந்தேகம். சுசானாவுக்கு இவர்மேல் மனம் போகிறது. ஒருத்தி உள்ளே வர, இன்னொருத்தி வெளியே எட்டிப்பார்க்க, இரண்டையும் படம் ஒரே கனிவோடு நடத்துகிறது. இரண்டில் ஒன்று சரி, மற்றது வீழ்ச்சி என்று சொல்லாத மதப் படம் நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு குறை உண்டு. எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள். முகாம் என்றால் நீங்கள் சொன்ன மாதிரி ‘குரல் கேட்டதா’ என்று வரிசையில் நிறுத்திக் கேட்பதும் உண்டு. கேட்கவில்லை என்று சொல்லும் குழந்தைக்கு அதில் ஒரு பயம் இருக்கிறது. படம் அந்தப் பக்கமே போகவில்லை. அதே இருவர் 2023இல் எடுத்த ‘லா மெசியாஸ்’ தொடரில் போனார்கள். அங்கே தாயின் மதவெறிக்குள் பெண்பிள்ளைகள் அடைபட்டு, பக்திப் பாப் பாட்டுப் பாடுகிறார்கள். அதே பாட்டு, அதே கடவுள், மூச்சு முட்டும்.

கடவுள் கோமாளியாக வரலாமா என்பதற்கு நம்மிடமே பழைய பதில் இருக்கிறது. சுந்தரர் கல்யாணப் பந்தலில், தாலி கட்டப்போகும் நேரத்தில், ஒரு கிழவர் ஓலையோடு வந்து ‘இவன் எனக்கு அடிமை’ என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. மாப்பிள்ளை ‘பித்தனோ’ என்று திட்டி, ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழவரோ மூல ஓலை வேறு இருக்கிறது என்கிறார். சேக்கிழார் அதைச் சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். கடைசியில் அந்த வசவிலேயே பாட்டைத் தொடங்கச் சொல்லிவிடுகிறார் கடவுள். சிரித்த கூட்டத்தைச் சேக்கிழார் தண்டிக்கவில்லை.

உங்கள் சிநேகிதிக்குப் படத்தை அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் முதலில் அதை அனுப்பாதீர்கள். முன்னுரை இல்லாமல் லிங்க் மட்டும் போனால் பஸ் சிரிப்பின் பாக்கி என்றுதான் எடுத்துக்கொள்வார். பஸ்ஸைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். பள்ளி நடத்துகிற சிஸ்டர், பதில் வர ஒரு வாரம் ஆகலாம். அவருக்கு அந்தப் பயணம் ஞாபகமே இல்லை என்றும் வரலாம். அதற்குப் பிறகு லிங்க்கை அனுப்பி, முதல் பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சேர்த்துச் சொல்லுங்கள்.