கட்சி சாராமல் வாக்காளருக்கு உதவுவது எப்படி?

இலங்கையில் வாக்குரிமை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தேர்தல் கண்காணிப்பில் அனுபவமுள்ளவர்கள் பதில் தருகிறார்கள்.

எங்கள் இளைஞர் கழகம் எந்தக் கட்சிக்கும் வேலை செய்வதில்லை. வாக்களிப்பு நாளில் ஊராருக்கு உதவ விரும்புகிறோம். எங்கே தொடங்குவது? – வாசகர், ஒட்டுசுட்டான்

ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். வாக்களிப்பு நாளன்று இறங்கினால் திருத்தக்கூடிய பிழைகளுக்கான காலம் முடிந்திருக்கும்.

வீடு வீடாகப் போய் மூன்று விடயங்களை மட்டும் கேட்டு எழுதுங்கள். வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் இருக்கிறதா? அடையாள அட்டை கையில் இருக்கிறதா, அதில் முகம் தெளிவாகத் தெரிகிறதா? தனியே வாக்களிப்பு நிலையம் வரை போக முடியுமா? எந்தக் கட்சி என்று யாரிடமும் கேட்கவேண்டாம். அவர்களாகச் சொன்னாலும் கொப்பியில் எழுதவேண்டாம்.

இடாப்பைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் தேடலாம். உறுதிப்படுத்தப்பட்ட இடாப்பில் பெயர் இல்லாதவரை அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. அவரை அடுத்த திருத்தத்தில் பதியச் செய்யுங்கள். பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

வன்னியில் பெரிய இடறல் அடையாள அட்டைதான். 2009 போர்க்கால இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் பல. வேறு சிலரிடம் அட்டை இருக்கும், படம் மங்கிப்போயிருக்கும். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை ஆகியவற்றையும் ஏற்பார்கள். போட்டோப் பிரதியை ஏற்கமாட்டார்கள். இவற்றில் ஒன்றும் இல்லாதவர் இரண்டு புகைப்படங்களோடு கிராம அலுவலரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இறுதித் திகதியை ஆணைக்குழு அறிவிக்கும். அது வழக்கமாக வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்னதாகவே வந்துவிடும். உள்ளூர்களில் இந்த வேலை படத்தில்தான் தடைப்படுகிறது. ஸ்டூடியோவுக்குப் போக முதியவர் ஒருவருக்கு ஒரு நாளும் பஸ் காசும் போய்விடும். படம் எடுப்பவரை ஒரு நாள் பொதுநோக்கு மண்டபத்துக்கு அழைத்துவிட்டால் முழுக் கிராமத்தின் வேலையும் அன்றே முடியும்.

வாக்காளர் அட்டை வராதவர்கள் பதறத் தேவையில்லை. அது இல்லாமலும் வாக்களிக்கலாம். தபாலகத்தில் கேட்டு எடுத்துவைத்தால் இடாப்பு இலக்கத்தைத் தேடும் நேரம் மிச்சம்.

நிலையத்துக்குள் நின்று பார்ப்பதற்கு ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். 1987இல் தொடங்கிய பெப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புகள் ஊடாக அதைப் பெறலாம்.

அம்மாவுக்குப் பக்கவாதம். கட்சிக்காரர் வாகனம் தருவதாகச் சொல்கிறார்கள். ஏறலாமா? – வாசகி, நெடுங்கேணி

வேண்டாம். கட்சியோ வேட்பாளரோ வாக்காளரை ஏற்றிச் செல்வது தேர்தல் குற்றம். நடக்கவோ பஸ்ஸில் போகவோ முடியாத ஒருவர் வாகனத்தில் போவதற்கு, மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேட்கலாம்; வாக்களிப்புக்குக் குறைந்தது 7 நாட்களுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். உங்கள் வீட்டு வாகனம் இருந்தால் நீங்களே கூட்டிப் போங்கள்.

கை வழங்காதவருக்கும் பார்வை குறைந்தவருக்கும் 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உதவியாளர் ஒருவரைக் கூட்டிச்செல்ல இடம் தருகிறது. உதவியாளர் 18 வயது நிரம்பியவராக இருக்கவேண்டும். வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. இதற்கான தகுதிச் சான்றிதழ்ப் படிவத்தைக் கிராம அலுவலரிடம் நேரத்தோடு கேளுங்கள். உதவியாளர் இல்லாவிட்டால், வாக்களிப்பு நிலையத்துக்குத் தலைமை தாங்கும் அலுவலர் இன்னொரு அலுவலரின் முன்னிலையில் அம்மா சொல்லும் இடத்தில் அடையாளமிடுவார். பிள்ளை விரும்பும் சின்னத்துக்கு அல்ல, அம்மா விரும்பும் சின்னத்துக்கே புள்ளடி. தொண்டர்களும் இதைக் குடும்பத்தாருக்கு முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

என் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்துவிட்டால்? – வாசகர், செட்டிகுளம்

திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் முறையிட்டு, நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று பிரகடனம் செய்தால் வேறு நிறச் சீட்டு ஒன்று தருவார்கள். அது எண்ணிக்கையில் சேராது. ஆனாலும் ஆள்மாறாட்டம் நடந்ததற்கு எழுத்துச் சாட்சியாக இருக்கும். தொண்டர்கள் நேரம், நிலைய இலக்கம் இரண்டையும் உடனே குறித்து மாவட்டச் செயலகத்தின் முறைப்பாட்டு நிலையத்துக்கு அறிவிக்கவேண்டும். "பல கள்ள வாக்குகள் விழுந்தன" என்று பொதுவாக எழுதினால் யாராலும் விசாரிக்க முடியாது.

மகள் கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. லீவு கொடுப்பார்களா? – வாசகி, புதுக்குடியிருப்பு

கொடுக்கவேண்டும். தனியார் துறைக்குச் சொல்லப்பட்ட அளவு இது: வேலைத்தலத்திலிருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாட்கள். உங்கள் ஊருக்கு இரண்டு நாட்கள். சம்பளம் வெட்டக்கூடாது. கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்திருக்கட்டும்.

கூட்டமாக பஸ் பிடித்து வருவதானால் புறப்படும் நேரத்தையும் வழியையும் முன்கூட்டிப் பொலிசுக்கு அறிவியுங்கள். 2019 நவம்பர் 16 அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த முஸ்லிம் மக்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது.

வாக்குச்சீட்டைப் போனில் படம் எடுக்கலாமா? – வாசகர், மாங்குளம்

கூடாது. வாக்குக்குக் காசு கொடுத்தவன் அத்தாட்சியாகக் கேட்பது அந்தப் படத்தைத்தான்.