தாள்பட்டியைக் கேட்டு வாங்குங்கள்: குழந்தைத் தொப்பி பின்னுவோரின் கேள்விகள்

தை மாதத்து விடியற்காலைகளில் நுவரெலியாப் பக்கத்துப் புல்வெளிகளில் துகள் உறைபனி படியத் தொடங்குவதற்கு முன்பே, குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னும் வேலை மலையகத்து வீடுகளில் ஆரம்பமாகிவிடுகிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதற்கான நூலையும் ஊசியையும் பற்றியவை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆறு வயது மகனுக்குக் கூடைப்பின்னல் போட்ட குரோசே (கொக்கி ஊசியால் பின்னும்) தொப்பி பின்னுகிறேன். சாதாரணத் தொப்பிக்கு 70 கிராம் போதும் என்று சொன்னதால் 100 கிராம் உருண்டை ஒன்று வாங்கினேன். உச்சியை எட்டுவதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. அதே கடையில் அதே நீலம் வாங்கியும் வெயிலில் பார்த்தால் இரண்டு நீலமாகத் தெரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர வேண்டாமா? (ஹட்டன்)

பதில்: கடைக்காரர் மீது குற்றமில்லை. கூடைப்பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் கீழ்வரிசைக் கண்ணியின் தண்டைச் சுற்றிப் பின்னுவதால் துணி இரட்டைத் தடிப்பாகிறது. பாப்கார்ன் பின்னலில் ஒரே இடத்தில் நான்கைந்து கண்ணிகள் குவிகின்றன. மேடுபள்ளம் உள்ள எந்தப் பின்னலும் சமதளப் பின்னலைவிடக் கூடுதலாக நூல் தின்னும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இத்தகைய தொப்பி என்றால் 150 கிராமை ஒரே தடவையில் வாங்கிவிடுவதே நல்லது. மிஞ்சினால் கையுறைக்கு ஆகும்.

நிறம் வேறுபட்டதற்குக் காரணம் சாயத் தொகுதி. ஒரே நிற எண் உள்ள நூலாக இருந்தாலும் ஒவ்வொரு முறை சாயம் காய்ச்சும்போதும் சாயல் சற்று மாறும். அதனால்தான் உருண்டையைச் சுற்றியிருக்கும் தாள்பட்டியில் நிற எண்ணுக்கு அருகில் தொகுதி எண்ணும் அச்சிடப்படுகிறது. அண்ணன் மகளுக்குச் சிவப்புத் தொப்பி பின்னுவதற்காகக் கண்டியில் மூன்று உருண்டைகள் வாங்கிய நான், கடையின் மஞ்சள் விளக்கொளியில் அவை ஒன்றுபோல் தெரிந்ததை நம்பி எண்ணைப் பார்க்கவில்லை. அந்தத் தொப்பியின் உச்சி இன்றும் வேறு சிவப்பாகவே இருக்கிறது. நீங்கள் பாதிவரை பிரித்துவிட்டு, அங்கிருந்து ஒரு சுற்றுப் பழைய நூலிலும் மறு சுற்றுப் புதிய நூலிலுமாக மாற்றி மாற்றிப் பின்னுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும்.

கேள்வி: கழிவு விலையில் மூடிய பை ஒன்றில் பத்து உருண்டைகள் வாங்கினேன். வீட்டில் திறந்து பார்த்தால் நூல் முரடாக இருக்கிறது. பில் வாங்கவில்லை. என்ன செய்யலாம்? (நானுஓயா)

பதில்: தொட்டும் பார்க்காமல், பற்றுச்சீட்டும் வாங்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள், அந்த நூலில் கால்மிதி பின்னுங்கள்.

கேள்வி: சம்பள நாளன்று தோட்டத்துக்கு வந்த வியாபாரி ஒருவர் "சுத்தக் கம்பளி" என்று சொல்லி உருட்டிய நூல் பந்துகளை விற்றார். கடை விலையைவிட அதிகமாகக் கொடுத்து நான்கு பந்துகள் வாங்கினேன். தாள்பட்டி ஏதும் இருக்கவில்லை. பின்னிய தொப்பியைப் போட்டால் மகளுக்குத் தலை வியர்த்து ஈரமாகிறது, கழற்றியதும் குளிர்கிறது என்கிறாள். அது உண்மையில் கம்பளிதானா? (தலவாக்கலை)

பதில்: அம்மா, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல், பிள்ளைகள் அருகில் இல்லாத வேளையில் தீக்குச்சியைக் காட்டுங்கள். ஆட்டுக் கம்பளியானால் தீயைக் கண்டு சுருங்கி, மெதுவாக எரிந்து, தீயை எடுத்ததும் தானே அணையும். மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். மிஞ்சும் சாம்பல் விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் ஆனால் உருகிச் சொட்டி, தீயை எடுத்த பின்னும் எரிந்து, ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகும். பருத்தியானால் கடதாசிபோல் எரிந்து கடதாசி மணமே தரும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தோன்றாது. அக்ரிலிக் இழை ஈரத்தை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஓடி விளையாடும் பிள்ளையின் தலையில் வியர்வை நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அக்ரிலிக் கெட்ட நூலன்று. விலை குறைவு, மென்மை உண்டு, அடிக்கடி துவைக்கலாம், மழைக்காலத்திலும் விரைவாக உலரும். முன்பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தொப்பிக்கு நானே அதை வாங்குகிறேன். அதைக் கம்பளி என்று சொல்லிக் கம்பளியின் விலைக்கு விற்பதுதான் மோசடி. இந்த மோசடிக்கு வழிவிடுவது தாள்பட்டி இல்லாத வியாபாரம். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன், இன்னும் சொல்வேன். நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் அந்தச் சிறு தாளில் இழையின் பெயர், எடை, நீளம், சாயத் தொகுதி எண், பொருத்தமான ஊசியின் அளவு, துவைக்கும் முறை ஆகிய அனைத்தும் இருக்கின்றன. தாள் போனால் இவை அத்தனையும் போய்விடும். பிறகு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். பெரிய கூம்புகளில் வரும் நூலை வாங்கிச் சிறு பந்துகளாகச் சுற்றி விற்பதில் தவறில்லை. ஆனால் கூம்பின் உள்ளே ஒட்டியிருக்கும் விவரத்தை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தர விற்பவருக்கு எத்தனை நிமிடம் ஆகும்? எழுதித் தர மறுப்பவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

எடையை மட்டும் பார்ப்பதும் போதாது. "டபுள் நிட்டிங்" என்ற நடுத்தரத் தடிப்பில் விற்கப்படும் 100 கிராம் நூலிலேயே கம்பளியானால் 200 மீற்றரை ஒட்டியும், அக்ரிலிக் ஆனால் 300 மீற்றரை ஒட்டியும் இருக்கக்கூடும். எவ்வளவு பின்னலாம் என்பதைத் தீர்மானிப்பது நீளம்தான். "நாலு பிளை" என்பது எத்தனை இழைகளை முறுக்கினார்கள் என்பதைச் சொல்லும் பெயர். அதை மட்டும் வைத்துத் தடிப்பை அறிய முடியாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் தன்மையைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதைத் தடை செய்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. நடமாடும் வியாபாரியைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பதை அறிவேன். அவர் அடுத்த சம்பள நாளில் மீண்டும் வந்தால், எரித்த துண்டை அவரிடம் காட்டுங்கள், அயல் லயத்துப் பெண்களையும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பெண் ஒருவரின் காணொளியைப் பார்த்து, அவர் சொன்னபடி 8ஆம் இலக்கக் குரோசே ஊசி வாங்கினேன். கண்ணிகளைச் சரியாக எண்ணித்தான் பின்னினேன். தொப்பி மகனின் தலையில் ஏறவே இல்லை. ஊசி போலியா? (பண்டாரவளை)

பதில்: ஊசி போலியன்று, இலக்கம்தான் உங்களைக் கெடுத்திருக்கிறது. அமெரிக்க வழக்கில் 8ஆம் இலக்க ஊசி 5 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய வழக்கில் அதே 8ஆம் இலக்கம் 4 மில்லிமீற்றர். நம் ஊர்க் கடைகளில் இரண்டு வகையும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. இலக்கத்தைச் சொல்லாமல் மில்லிமீற்றரைச் சொல்லி வாங்குங்கள். அளவு பொறிக்கப்படாத ஊசியை வாங்க வேண்டாம்.

கண்ணிகளின் பெயரிலும் இதே குழப்பம் இருக்கிறது. அமெரிக்கர் "சிங்கிள் குரோசே" என்பதைப் பிரித்தானியர் "டபுள் குரோசே" என்பர். அமெரிக்கரின் "டபுள்" பிரித்தானியரின் "டிரெபிள்". எனக்குத் தையல் ஆசிரியை கற்பித்தது பிரித்தானிய வழக்கு. அமெரிக்கச் செய்முறை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, அது எந்த நாட்டு வழக்கு என்று பார்க்காமல் பின்னியதால் எனக்கு ஒரு வார வேலை வீணாயிற்று; விற்றவர் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் அது நேர்ந்திராது. "சிங்கிள்" என்ற சொல் செய்முறையில் எங்காவது வந்தால் அது அமெரிக்க வழக்கு, ஏனெனில் பிரித்தானிய வழக்கில் அப்படி ஒரு கண்ணி இல்லை.

அடுத்த முறை பத்து சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்துவிட்டுத் தொடங்குங்கள். மகனின் தலையைப் புருவத்துக்கு மேலாக அளந்தால் 51 சென்ரிமீற்றர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொப்பியின் சுற்றளவு 48 அல்லது 49 ஆக இருக்க வேண்டும். பின்னல் இழுபடும் என்பதால் தலையின் அளவுக்கே பின்னினால் காற்றில் கழன்றுவிடும்.

கேள்வி: கம்பளித் தொப்பியைச் சுடுநீரில் ஊறவைத்துக் கசக்கித் துவைத்து, அடுப்புக்கு மேலே உலர்த்தினேன். பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. குளிர்நீரில் துவைக்கும்படி பட்டியில் போட்டிருந்தது உண்மைதான். கடையில் பணம் கேட்கலாமா? (கந்தப்பளை)

பதில்: கேட்கக் கூடாது.

கேள்வி: நான் கொழுந்து பறிக்கிறேன். முகநூலில் ஒரு பக்கத்தில் பாப்கார்ன் பின்னல் போட்ட தடித்த கைப்பின்னல் தொப்பியின் படத்தைப் பார்த்து, என் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 3,800 ரூபாவுக்குச் சொல்லிவைத்தேன். பொதியைக் கொண்டுவந்தவரிடம் பணம் கொடுத்த பிறகே திறக்க விட்டார். உள்ளே இயந்திரத்தில் பின்னிய மெல்லிய தொப்பிகள். செய்தி அனுப்பினேன், என்னைத் தடுத்துவிட்டார்கள். நாலு நாள் சம்பளம் போய்விட்டது. (பொகவந்தலாவை)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. படம் காட்டி விற்ற பொருள் படத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் புதிய சட்டமன்று. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமே விவரித்து விற்ற பொருள் அந்த விவரிப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை. தொப்பிகளைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், பொதியின் உறையை எறியாதீர்கள். உறையில் ஒட்டிய சீட்டில் அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் பொதி இலக்கமும் இருக்கும். அதையும், முகநூலில் வந்த படத்தையும், உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே நடந்த செய்திகளையும் படம் பிடித்து வையுங்கள். உங்கள் கைபேசியில் அந்தப் பக்கம் தெரியாவிட்டால் வேறொருவரின் கைபேசியில் பார்த்துப் படம் பிடியுங்கள். பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். முதலில் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று கேட்டுக்கொள்ளலாம். கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. எழுதுவதற்கு ஆள் இல்லையென்றால் விவரங்களை எனக்கு அனுப்புங்கள். நான் எழுதித் தருகிறேன்.

பணத்தை வாங்கிய பிறகே பொதியைத் திறக்க விடும் வழக்கம் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. திறந்து பார்த்து எடுக்கலாமா என்று விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள், முடியாது என்றால் அவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குக் காதை மூடும் மடலும் கட்டும் கயிறும் உச்சியில் நூற்பந்தும் உள்ள தொப்பி வாங்கலாமா? இரவிலும் போட்டுவிடலாமா? (மஸ்கெலியா)

பதில்: காதை மூடும் மடல் நல்லது. கயிறு வேண்டாம்; ஐரோப்பிய நியமம் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதிகளில் இழுகயிற்றை அனுமதிப்பதில்லை, காரணம் கழுத்து இறுகும் ஆபத்து. நூற்பந்தை இழுத்துப் பாருங்கள், ஒரு இழை கழன்று வந்தாலும் வெட்டிவிடுங்கள், ஏனெனில் குழந்தை அதை வாயில் வைக்கும். வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கைக்குழந்தை தன் உடற்சூட்டைத் தலைவழியாகவே பெருமளவில் தணிக்கிறது, தொப்பி முகத்தில் சரிந்தால் மூச்சும் அடைபடும்.

கேள்வி: புதிய கம்பளி நூலுக்குக் கட்டுபடியாகவில்லை. பழைய கம்பளிச் சட்டை வாங்கிப் பிரித்துப் பேத்திக்குத் தொப்பி பின்னலாமா? (இராகலை)

பதில்: தாராளமாகப் பின்னலாம், ஆனால் சட்டையை உட்புறமாகத் திருப்பித் தையலைப் பார்த்த பிறகே வாங்குங்கள். இரண்டு பக்கத் துண்டுகளும் ஓரக்கண்ணிகள் முழுமையாக இருக்கச் சங்கிலித் தையலால் இணைக்கப்பட்டிருந்தால், தையலைப் பிரித்ததும் நூல் ஒரே இழையாக வரும். ஓரம் வெட்டப்பட்டு ஓவர்லொக் தையல் (விளிம்பைச் சுற்றிப் போடும் இயந்திரத் தையல்) போட்டிருந்தால் ஒவ்வொரு வரிசையும் ஏற்கெனவே வெட்டுண்டிருக்கும். பிரித்தால் கைநீளத் துண்டுகளே கிடைக்கும். நுவரெலியாவில் அழகான சாம்பல் நிறச் சட்டை ஒன்றை இதைப் பார்க்காமல் வாங்கி, கையிலே ஒரு குவியல் துண்டுநூலோடு நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். சுருங்கி அட்டைபோல் இறுகிய சட்டையும் பிரிபடாது. பட்டி உள்ளே தைக்கப்பட்டிருந்தால் இழையின் பெயரை வாசியுங்கள், பட்டி இல்லாவிட்டால் மேலே சொன்ன தீச்சோதனையைச் செய்யுங்கள். பிரித்த நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி நாலு இடத்தில் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அலசி, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துங்கள். சுருள் நீங்கிய பிறகு பின்னத் தொடங்கலாம்.