நேற்று நடந்தேன், இன்று முடியவில்லை

கேள்வி: 6 ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம். நேற்று நடமாடிய நான் இன்று படுத்துவிட்டால், நடிப்பதாகக் கணவர் நினைக்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் இந்நோய் சில நாள் அடங்கியும் சில நாள் சீறியும் வரும் என்பதையும், காலையில் விரல்களை மடக்க முடியாத இறுக்கம் 1 மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கக்கூடும் என்பதையும், உங்களிடம் கேட்பதைவிட மருத்துவரிடமே அவர் கேட்டறிவது நல்லது, அடுத்த முறை அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில், பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் வெடிப்பதைவிட, 'பாட்டில் மூடி திருக வரவில்லை, திறந்து தாருங்கள்' என்று குறிப்பாகக் கேளுங்கள். பொதுவாக 'முடியவில்லை' என்றால், உதவ நினைப்பவருக்கும் கை ஓடாது. அவருடைய களைப்பையும் அவ்வப்போது விசாரியுங்கள். யார் பேச்சுக்காகவும் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.