ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்

மூத்தோர் பராமரிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அரசு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டோடு வைத்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. கோயம்புத்தூர் பக்கம் இரண்டு இல்லங்கள் பார்த்திருக்கிறோம். ஒன்று புதுக் கட்டடம், ஏசி, லிஃப்ட், தோட்டம் எல்லாம் உண்டு. இன்னொன்று பழைய வீடு, பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள். கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. எதை வைத்து முடிவு செய்வது, சிஸ்டர்? சொந்தக்காரர்கள் வேறு, "பெத்த தாயைக் கொண்டுபோய் விடுறியா" என்கிறார்கள்.
- வாசகி, ஈரோடு

பதில்: சொந்தக்காரர்கள் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். பக்கவாதம் வந்தவரை இரவு பகலாகப் பார்த்துக்கொள்வது வேலைக்குப் போகிற இரண்டு பேரால் ஆகிற காரியம் கிடையாது. நல்ல இடமாகப் பார்த்துச் சேர்த்து, அதன் பிறகும் விடாமல் போய்வருகிற மகளை அம்மாவைக் கைவிட்டவள் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, அந்த இரண்டு இடத்துக்கும் எப்போது போனீர்கள்? போன் செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில்தானே? அந்த நேரத்தில் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஒரு வார நாளில், ராத்திரி எட்டு மணி வாக்கில் சொல்லாமல் போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி ராத்திரி ஆட்கள் வருகிற நேரம் அது. சாப்பாடு, மாத்திரை, ஊசி, டயப்பர் மாற்றுவது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து குவியும். ஆள் போதுமா போதாதா என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும். "இந்த நேரத்தில் பார்வையாளர் கிடையாது" என்று வாசலிலேயே சொன்னால் சண்டை போட வேண்டாம். "அம்மாவைச் சேர்த்த பிறகு இந்த நேரத்துக்கு வந்தால் விடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

உள்ளே போனதும் நடமாடுகிறவர்களைத்தான் உங்களிடம் பேச விடுவார்கள். அவர்களோடு பேசிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவர்களின் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் அம்மாவுக்கு நாளைக்கு என்ன கிடைக்கும் என்பது அங்கேதான் தெரியும். போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டாம், அது அவர்கள் மானம். வெளியே தெரிவதே போதும். நகம் வெட்டியிருக்கிறதா? உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? நாக்கில் வெள்ளை படிந்திருக்கிறதா? தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, இல்லை எட்டாத மேஜையில் மூடி வைத்திருக்கிறதா? ஒரு அறையில் மூத்திர வாடை அடித்தால் அப்போதுதான் நனைந்திருக்கலாம். நடை முழுக்கப் பழைய வாடை இருந்தால் மெத்தைக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கண் எரிகிற அளவுக்குப் பினாயில் நெடி அடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்ததாகப் பொறுப்பில் இருக்கும் நர்ஸிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இங்கே இப்போது யாருக்காவது படுக்கைப் புண் இருக்கிறதா?" "எங்களிடம் ஒருத்தருக்கும் வந்ததே இல்லை" என்று சட்டென்று சொல்கிறவரைவிட, "ஒருத்தருக்கு இருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது, இவ்வளவு ஆறியிருக்கிறது" என்று நோட்டை எடுத்துக் காட்டுகிறவரை நான் நம்புவேன். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பிய நேரத்தை எழுதிவைக்கிற தாள் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். அதைப் பாருங்கள். எட்டு மணிக்கு நீங்கள் நிற்கும்போதே ராத்திரி பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தால், பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

புண் எங்கே ஆரம்பிக்கும் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, காது மடல். தோல் சிவந்திருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் தோல் நிறத்துக்கு அந்தச் சிவப்பு எடுபடாது. சுற்றியுள்ள தோலைவிட ஓரிடம் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். தோல் உரியும்வரை காத்திருக்கக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது, அங்கே ஆட்களை எப்படித் தூக்குகிறார்கள் என்பது. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. வேலை தெரிந்த ஆயா அக்குளில் கை கொடுத்து இழுக்கமாட்டார். இடுப்பையும் முதுகையும் அணைத்துப் பிடித்து, "எழுந்திருக்கலாமா பாட்டி?" என்று சொல்லிவிட்டுத்தான் தூக்குவார். சாப்பாடு ஊட்டுவதையும் நின்று கவனியுங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது சாய்த்துப் படுக்கவிடக் கூடாது. படுத்தபடியே ரசம் சாதத்தைக் கரைத்து ஊற்றுகிற இடத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இன்சுலின் விஷயத்தில், ஊசி போடுவது யார், போட்டு எவ்வளவு நேரத்தில் சாப்பாடு வருகிறது என்று கேளுங்கள். ஊசி ஏழு மணிக்கு, இட்லி எட்டரைக்கு என்றால் சர்க்கரை இறங்கி அம்மா நடுவில் மயங்கிவிடலாம். ராத்திரி சர்க்கரை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்பதை முதலாளியிடம் கேட்காதீர்கள், ராத்திரி டியூட்டி ஆளிடமே கேளுங்கள். அவருக்கு உடனே பதில் சொல்லத் தெரிய வேண்டும். ராத்திரியில் படித்த நர்ஸ் இருக்கிறாரா, கனமான ஒருவரைத் திருப்ப இரண்டு பேராவது விழித்திருக்கிறார்களா என்பதும் முக்கியம்.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ், அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும் என்கிற மூன்றையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் மனசு அந்தப் பழைய வீட்டுப் பக்கம்தான் போகிறது, பதினைந்து பேர் என்றால் எல்லோர் பெயரும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி அங்கே ஒரே ஒரு ஆள்தான் என்றால் புதுக் கட்டடத்தையே பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். இல்லத்தில் சேர்த்து நான்கு மாதமாகிறது. எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறார். மெலிந்துவிட்டார். மணிக்கட்டில் கறுப்பாகத் தடம் இருக்கிறது. கேட்டால் "வயசானா அப்படித்தான் சார்" என்கிறார்கள். அப்படியா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அப்படி இல்லை. வயதானவரின் கோளாறையெல்லாம் வயசின் மேல் போடக் கூடாது என்பதற்காகத்தான் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இத்தனை வருடம் கழித்தும் அதே பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நாளைக்கே போய் மாத்திரைச் சீட்டையும், கொடுத்த நேரம் எழுதிய தாளையும் கேளுங்கள். நீங்கள் சேர்க்கும்போது கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாகத் தூக்க மாத்திரையோ, ஆளை அமைதியாக்குகிற மாத்திரையோ சேர்ந்திருக்கிறதா? எந்த டாக்டர், என்ன தேதியில், எதற்காக எழுதினார்? மறதி நோய் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரைகள் சில கீழே விழவைக்கும், பக்கவாத ஆபத்தையும் கூட்டும். ராத்திரி எழுந்து நடக்கிறார் என்பதற்காக மட்டும் கொடுக்கிற மருந்து இல்லை அது. நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டரைப் பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

மணிக்கட்டை நன்றாகப் பாருங்கள். ரத்தம் எடுத்த இடத்திலும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வளையல் மாதிரி சுற்றி வந்திருந்தால், அதுவும் இரண்டு கையிலும் இருந்தால், கட்டிப் போட்டிருக்கலாம். போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த அன்று என்ன எடை, இன்று என்ன எடை? ஒரே மாதத்தில் 60 கிலோ 57 ஆனால் அதையே டாக்டர்கள் கவலைப்பட வேண்டிய இறக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, முதலில் அப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று வந்த தூக்கத்துக்குச் சிறுநீர்த் தொற்றும், உடம்பில் நீர் வற்றுவதும், சர்க்கரையோ சோடியமோ குறைவதும்கூடக் காரணமாகலாம். ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தால் தெரிந்துவிடும். தாமதிக்க வேண்டாம். கட்டிப் போட்டதாகத் தெரிந்தால் மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்குங்கள். வேறு இடம் கிடைக்கும்வரை அப்பா அங்கேயே இருக்க வேண்டி வந்தால், குடும்பத்தில் யாராவது தினமும் ஒருமுறை, வெவ்வேறு நேரத்தில் போய்வாருங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா தஞ்சாவூரில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். வீடியோ காலில் பார்த்தே கவனிப்பு எப்படி என்று தெரிந்துகொள்ள முடியுமா?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: ஓரளவுக்கு முடியும். ஞாயிறு பதினோரு மணிக்கு என்று பழக்கப்படுத்தாதீர்கள். அந்த நேரத்துக்குப் பவுடர் போட்டு, தலை சீவி உட்கார வைத்துவிடுவார்கள். நேரத்தை மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள். முகத்தை மட்டும் பார்க்காமல், "அம்மா பாதத்தைக் காட்டுங்க சிஸ்டர், குதிகாலைத் திருப்புங்க" என்று கேளுங்கள். போனைப் பிடித்திருக்கிறவர் அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார், அம்மா அவரைப் பார்த்துச் சிரிக்கிறாரா, இல்லை பேசுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். அம்மா எதிரிலேயே "இங்க நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்காதீர்கள். அவரால் வேறு என்ன பதில் சொல்ல முடியும்? "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே? யார் குளிக்க வெச்சா?" என்று கேளுங்கள், கதை தானாக வரும்.

மாதா மாதம் எடை, சர்க்கரை அளவு, மாத்திரை மாற்றம் மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தஞ்சாவூரிலேயே அம்மாவுக்குப் பழக்கமான ஒருவர் இருப்பார், பழைய பக்கத்து வீட்டுக்காரரோ, கூட வேலை பார்த்த டீச்சரோ. வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவர அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், ஆட்டோ செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் போன் நம்பரையும் இல்லத்தின் பதிவேட்டில் உங்கள் பெயருக்குக் கீழே எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் ராத்திரியில் ஏதாவது என்றால் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்காமல் அவரையும் கூப்பிடுவார்கள்.