முதல் முறையாகத் தனியாக நோன்பு எடுக்கிறீர்களா?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இதுவரை தீபாவளிக்கு ஆற்காடு பக்கத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய், அங்கேயே கேதார கௌரி நோன்பு எடுத்துவிடுவோம். மாமியாருக்கு முழங்கால் வலி. இனி என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார். எந்த நாளில் எடுப்பது? எல்லாமே 21 வைத்தாக வேண்டுமா? கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டுமா? எனக்கு அதிரசமும் சரியாக வராது.

பதில்: முதலில் நாள். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தீபாவளி எண்ணெய்க் குளியல் சதுர்த்தசிக்கு உரியது, நோன்பு அமாவாசைக்கு உரியது. இரண்டும் ஒரே நாளில் வருவதும் உண்டு, தள்ளி வருவதும் உண்டு. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. அமாவாசை அன்று பிற்பகலில் பிறந்து மறுநாள் மாலை வரை இருந்தது. 2025-லும் அதே கதைதான்: திங்கட்கிழமை தீபாவளி, நோன்பு செவ்வாய்க்கிழமை. ஆகவே காலண்டரில் சிவப்பில் போட்டிருக்கும் தேதியை விட்டுவிட்டு, அமாவாசை எப்போது பிறந்து எப்போது முடிகிறது என்று பாருங்கள். பகலில் அமாவாசை இருக்கும் நாளில், ராகு காலமும் எமகண்டமும் தவிர்த்து எடுக்கலாம். தீபாவளி மாலையே, அமாவாசை பிறந்ததும் எடுக்கிற வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கம் எது என்று மாமியாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் சொல்வதுதான் உங்களுக்குச் சாஸ்திரம், நான் சொல்வது அப்புறம்.

போனை வைப்பதற்கு முன் இன்னொன்றையும் கேளுங்கள். இத்தனை நாள் ஒரே தட்டில் எல்லோருக்கும் சேர்த்துப் படைத்தார்களா, அண்ணன் தம்பி குடும்பத்துக்குத் தனித்தனியாகவா? 21 என்ற கணக்கு அதைப் பொறுத்துத்தான் கூடும். பிருங்கி முனிவர் தன்னை விட்டுவிட்டு ஈசனை மட்டும் வலம்வந்ததால் மனம் நொந்த கௌரி, 21 நாள் விரதமிருந்து ஈசனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது கதை. அதனால்தான் அதிரசம், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், விரலி மஞ்சள் எல்லாம் 21, கையில் கட்டும் நோன்புக் கயிற்றிலும் 21 இழை, 21 முடிச்சு. 21 நாளும் இருக்க முடியாதவர்கள் அமாவாசை அன்று மட்டும் பூசை முடியும் வரை சாப்பிடாமல் இருப்பார்கள். அது போதும்.

அதிரசத்துக்கு வருவோம். ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். அரிசியை ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஒட்டக் கூடாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரத்தோடு அரைத்துச் சலியுங்கள். காய்ந்த அரிசியை அரைத்தால் அதிரசம் விறைத்துப்போகும். வெல்லத்தைப் பாகு காய்ச்சுங்கள். அந்தப் பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் சேர்த்தால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டால், அது கடலை மிட்டாய்க்குத்தான் ஆகும். அடுப்பை அணைத்துவிட்டு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். மாவு இளகலாக இருப்பது போலத் தெரியும், பயப்படாதீர்கள், ஒரு நாள் மூடி வைத்தால் இறுகிவிடும். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே பாகு காய்ச்சச் சொல்வது அதனால்தான். முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு என்று அர்த்தம். ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து மறுபடி போடுங்கள். தீ சிறுசாகவே இருக்கட்டும். சுடும்போது ருசி பார்ப்பது மட்டும் வேண்டாம்.

பழைய வீடுகளில் அம்மிக்குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து அதையே சுவாமியாக வைப்பார்கள். மிக்ஸி மட்டும் இருக்கிற வாடகை வீட்டில் அதற்கு எங்கே போவது? பித்தளைச் சொம்பில் தண்ணீர், மாவிலை, தேங்காய் வைத்துக் கலசமாக்கினால் போதும். பூ, வெற்றிலை, மாவிலையை நேதாஜி மார்க்கெட்டில் முந்தின நாளே வாங்கிவிடுங்கள், அன்று காலை விலை கேட்கவே முடியாது.

கோயிலுக்குப் போவது கட்டாயமில்லை. நம் பக்கத்தில் தட்டைக் கோயிலில் வைத்துப் படைத்து எடுத்துவருகிற வழக்கம் பலமாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உங்கள் மாமியார் வீட்டிலும் அந்த வழக்கம் இருந்தால், தெருவில் உள்ள அம்மன் கோயிலே போதும். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போக ஆசையென்றால் சீக்கிரம் கிளம்புங்கள், கூட்டம் தாங்காது. (கோட்டை ஜலகண்டேஸ்வரரே 1981 வரை உங்கள் சத்துவாச்சாரியில்தான் இருந்தார்.)

கயிற்றை ஆண்களுக்கு வலக்கையிலும் பெண்களுக்கு இடக்கையிலும் கட்டுங்கள். கழற்றிய பழைய கயிற்றைக் குப்பையில் போடாதீர்கள். ஆற்றில் விடச் சொல்வார்கள், பாலாற்றில் தண்ணீர் ஓடினால் சரி, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மரத்தடியில் போடுங்கள்.

நோன்பில் படைத்த அதிரசத்தை வெளியாருக்குக் கொடுக்காத வீடுகள் உண்டு. அதையும் மாமியாரிடம் கேளுங்கள். உங்கள் வீடும் அப்படியென்றால், படையலுக்கு 21 சுட்டு எடுத்து வைத்தபின், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைத் தனியாகச் சுட்டுக்கொள்ளுங்கள்.