இலவச லினக்ஸா, உரிமம் வாங்கிய விண்டோஸா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. கணினி நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11-க்கு மாற இது தகுதியற்றது என்று அறிவிப்பு வருகிறது. பிள்ளைகளின் பாடம், மின்னஞ்சல், வீடியோ, எப்போதாவது ஒரு கடிதம், இவ்வளவுதான் எங்கள் உபயோகம். புதிய கணினி வாங்குவதா, இலவச லினக்ஸுக்கு மாறுவதா?

பதில்: உங்கள் உபயோகத்தை நீங்களே தெளிவாக எழுதிவிட்டதால் தயங்காமல் சொல்லலாம்: விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இயங்குதளமான லினக்ஸ் உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர்களுக்கென மைக்ரோசாஃப்ட் அறிவித்த நீட்டிப்புத் திட்டம் கால அவகாசம் தருமே தவிர, நிரந்தரத் தீர்வாகாது. ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி வழக்கம்போல் இயங்குவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்ற தீநிரலை நினைத்துப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகள்தான் மாட்டிக்கொண்டன. ஆகவே, ஓர் இயங்குதளத்தைப் பார்க்கும்போது அதன் விலையைக் கேட்பதற்கு முன், எந்த ஆண்டு வரை அதற்குத் திருத்தங்கள் வரும் என்று கேளுங்கள்.

மாறுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, அனுமதிக்கப்பட்ட பிராசஸர் ஆகியவை தேவை. இவற்றில் டி.பி.எம். பல கணினிகளில் இருந்தும், கணினி துவங்கும்போதே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டாலே தடை நீங்கிவிடக்கூடும். பிராசஸரே பட்டியலில் இல்லையென்றால் வற்புறுத்தி நிறுவ வேண்டாம். குறுக்குவழியில் நிறுவிய கணினிக்குத் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அந்த உறுதி இல்லாவிட்டால் நாம் மாறுவதன் நோக்கமே கெட்டுப்போகிறது.

லினக்ஸில் பல வகைகள் உண்டு; உங்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட். திரையின் கீழே பட்டை, இடது மூலையில் மெனு என அதன் தோற்றம் விண்டோஸில் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவின் 24.04 பதிப்பு நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. அதன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22 வரிசைக்கும் அதே காலவரை. கணினியில் 4 ஜிபி ராம் மட்டுமே இருந்தால் மின்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைத் தேர்ந்தெடுங்கள், அது எடை குறைந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியும், கடிதம், கணக்கு எழுத உதவும் லிப்ரே ஆபீஸும் அதோடு சேர்ந்தே வருகின்றன. தமிழ்99 விசைப்பலகையையும் அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: காசு வாங்காமல் ஓர் இயங்குதளத்தையே கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்காதா? நம்பி வங்கிக் கணக்கை அதில் திறக்கலாமா?

பதில்: சந்தேகப்படுவதில் தவறில்லை, ஆனால் இதற்குப் பின்னால் யார் செலவு செய்கிறார்கள் என்பது வெளிப்படையாகவே தெரிந்த செய்தி. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டமும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் சேர்ந்ததுதான் இன்றைய லினக்ஸ். இன்று அந்தக் கெர்னலை எழுதுவோரில் பெரும்பாலோர் இன்டெல், கூகுள், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்கும் பொறியாளர்கள். அந்த நிறுவனங்களின் சர்வர்களும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் அதே கெர்னலில் ஓடுவதால், அதைச் செப்பனிடுவது அவர்களுக்கே அவசியம். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் நிறுவனம் இயங்குதளத்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, வணிக நிறுவனங்களுக்கு ஆதரவுச் சேவையை விற்றுச் சம்பாதிக்கிறது. 1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் இன்னொரு லினக்ஸ் வகை தன்னார்வலர்களாலும் நன்கொடையாலும் நடக்கிறது.

ஆயினும் லினக்ஸின் மூலநிரல் எவரும் படிக்கும்படி திறந்திருக்கிறது என்பதாலேயே யாரோ ஒருவர் அதைப் படித்துப் பார்த்திருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. 2024 மார்ச்சில் லினக்ஸில் பயன்படும், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறிய மென்பொருளுக்குள் ஒரு புறவாசல் வைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. பராமரிப்பவரின் நம்பிக்கையை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் சம்பாதித்த ஒருவர் அதைச் செருகியிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அவர் வேலை செய்தது மைக்ரோசாஃப்டில் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புறவாசல் டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வகைகளின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டது; நிலையான பதிப்புகளை எட்டுவதற்குள் பிடிபட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள ஆக அண்மைப் பதிப்பைத் தேடாமல் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அத்தகைய பதிப்பைத் தொடர்ந்து புதுப்பித்து வந்தால், வங்கிக் கணக்கைத் தாராளமாகத் திறக்கலாம். மென்பொருள்களைப் பதிப்போடு வரும் மென்பொருள் மேலாளர் வழியாக மட்டும் நிறுவுங்கள். ஏதோ ஒரு தளத்தில் கண்ட கட்டளையை அப்படியே டெர்மினல் என்னும் கட்டளைச் சாளரத்தில் ஒட்டி, கடவுச்சொல்லையும் கொடுத்தால் எந்த இயங்குதளமும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: கணினி விளையாட்டுகள் லினக்ஸில் ஓடுமா?

பதில்: நிறையவே ஓடும். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ப்ரோட்டான், விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை லினக்ஸில் இயக்குகிறது. ஆனால் இணையவழியில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில், ஏமாற்று வேலைகளைத் தடுக்கும் காவல் நிரல் லினக்ஸை ஏற்காமல் போவதுண்டு. பிள்ளைகள் விரும்பி ஆடுவது அத்தகைய விளையாட்டென்றால் விண்டோஸிலேயே இருங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குப் பணம் கொடுப்பதே வீண் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உரிமம் இல்லாமலே ஆக்டிவேட் செய்து தருவதாகவும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலாவது கருத்தை ஏற்க மாட்டேன், இரண்டாவதைச் செய்யவே வேண்டாம்.

ஃபோட்டோஷாப்பில் தொழில் செய்பவர், மேக்ரோக்கள் என்னும் தானியங்கிக் கட்டளைகள் நிறைந்த எக்செல் கோப்புகளில் அலுவலகக் கணக்கைப் பார்ப்பவர், விண்டோஸில் மட்டும் இயங்கும் தொழில் மென்பொருளை நம்பியிருப்பவர் ஆகியோருக்கு அந்த உரிமம் பயனுள்ள செலவு. லிப்ரே ஆபீஸ் சாதாரண வேர்டு, எக்செல் கோப்புகளை நன்றாகத் திறக்கும். ஆனால் சிக்கலான மேக்ரோக்களில் தடுமாறும், நுணுக்கமாக அடுக்கிய பக்கங்களில் வரிகள் இடம் மாறும். மாதக் கடைசியில் கணக்கை அனுப்பும் அவசரத்தில் இதோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கு உரிமத்தின் விலையே மேல். மடிக்கணினியோடு விண்டோஸ் வந்திருந்தால் நீங்கள் அதற்கு ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து அத்தகைய உரிம எண் பெரும்பாலும் கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் அது தானாகவே உயிர்பெறும். தனியாக வாங்கும் சில்லறை உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். கணினியோடு வந்த உரிமம் அந்தக் கணினியோடு போய்விடும்.

உரிமமின்றி ஆக்டிவேட் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது, ஆபத்தானதும்கூட. அதற்கான கருவிகளில் பல, முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லும், பிறகு நிர்வாகி அனுமதி கேட்கும். இரண்டையும் கொடுத்தபின் அந்தக் கருவி உள்ளே என்ன செய்தது என்று உங்களால் அறியவே முடியாது. விண்டோஸுக்குப் பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால், நேர்மையாகவும் இலவசமாகவும் கிடைக்கும் லினக்ஸ் இருக்கும்போது இந்த வழி எதற்கு?

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் லினக்ஸைப் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, அப்படித்தான் தொடங்கவும் வேண்டும். மின்ட் முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து பதிவிறக்கி, எட்செர், ரூஃபஸ் போன்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் துவக்கலாம். பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தவை அழிந்துவிடும் என்பதால் அவற்றை முன்பே வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றிலும், விண்டோஸ் 10 கணினிகள் சிலவற்றிலும் வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைக்கும் வட்டு மறையாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் துவக்க அமைப்பைத் தொட்டதும், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அது கையில் இல்லாவிட்டால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடைக்காமல் போகும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதிவைத்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள். விண்டோஸின் விரைவுத் துவக்க வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. அந்நிலையில் லினக்ஸ் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும்.

பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகத்தான் இருக்கும், அதை வைத்து லினக்ஸை எடைபோட வேண்டாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, கேமராவும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லும் என்விடியா கிராபிக்ஸ் அட்டையும் அவற்றை இயக்கும் டிரைவர் நிரலைத் தனியாகக் கேட்கலாம். மின்டின் டிரைவர் மேலாளர் அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டும். கைரேகை உணரி சில மடிக்கணினிகளில் வேலை செய்வதே இல்லை. எல்லாம் சரியாக இருந்தால், முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு, அதன்பிறகு நிறுவுங்கள்.