குல்மார்க்கில் பனி எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் கடைசியிலிருந்து குல்மார்க்கில் பனி நிச்சயம் என்று நீங்கள் எழுதியதை நம்பி 2024 ஜனவரியில் குடும்பத்துடன் போனோம். காய்ந்த புல்தான் கிடந்தது. உச்சிக்குப் போகும் இரண்டாம் கட்ட கோண்டோலா ரோப்காரும் காற்று காரணமாக அன்று ஓடவில்லை. கீழே ஓர் இலைகூட அசையவில்லை! இன்னொரு முறை போகலாமா? போனால் எப்போது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

‘நிச்சயம்’ என்று நான் எழுதியிருக்கக் கூடாது. காஷ்மீரிகளின் நாள்கணக்கை நம்பி எழுதிவிட்டேன். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிரை அவர்கள் சில்லை கலான் என்கிறார்கள். பிறகு இருபது நாள் சில்லை குர்த், பத்து நாள் சில்லை பச்சா. பெரியது, சின்னது, குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியதில் விழும் பனிக்குத்தான் அங்கே மதிப்பு. அது இறுகி உறைந்து மலையிலேயே தங்கி, கோடையில் ஓடைகளுக்கும் ஆப்பிள் தோட்டங்களுக்கும் நீராக இறங்கும். குட்டியில் கொட்டுவது சீக்கிரம் கரைந்துவிடும்.

குளிர்ந்தால் பனி வரும் என்று நினைப்பது மார்கழியில் வளர்ந்த நமக்குப் பழக்கம். நம் பனிக்கு இரவில் தரை குளிர்ந்தால் போதும். அங்கே மேகம் வர வேண்டும். குளிர்காலத்தில் அதைக் கொண்டுவருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழல்கள். மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை பெயர் வைத்திருக்கிறது. காஷ்மீர் விவசாயியைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார். நீங்கள் போன ஜனவரியில் வலுவான இடையூறு எதுவும் மாதக் கடைசி வரை எட்டிப்பார்க்கவில்லை. பிறகு கொட்டியது. பிப்ரவரி 21 அன்று கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே பனிமேல் தொடங்கின. மறுநாளே பனிச்சரிவில் சிக்கி ரஷ்யப் பனிச்சறுக்குக்காரர் ஒருவர் இறந்தார். 2025இல் பிப்ரவரியிலும் பனி போதாமல் அந்தப் போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளினார்கள்.

காற்று விஷயத்தில் உங்கள் இலையைச் சாட்சியாக ஏற்க முடியாது. குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். அபர்வாத் மலையில் கோண்டோலா முடியும் இடம் சுமார் 3,950. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் அளவுக்கு வித்தியாசம். மேலே மரமே கிடையாது, காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. கம்பியில் தொங்கும் பெட்டி அதில் ஆடினால் என்ன ஆகும் என்பதை யோசித்தால், நிறுத்தியவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும். அந்த உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறைவு. வந்த அன்றே குழந்தைகளை மேலே ஏற்றாதீர்கள். ஓர் இரவு கீழே தங்குங்கள்.

போகலாம். பிப்ரவரி நடுவில் போங்கள், கையில் இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொண்டு. புறப்படுமுன் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் அறிவிப்பில் ‘மேற்கத்திய இடையூறு’ தென்படுகிறதா என்று பாருங்கள். முதல்முறை சறுக்குபவர்களுக்குக் கீழ்ப் புல்வெளியின் சாய்வே போதும். யாரும் மிதிக்காத பனி அழகாக இருக்கிறதே என்று ஓரச் சரிவுகளுக்குப் போக வேண்டாம்.

கம்பூட்டும் கோட்டும் வழியில் டங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஈரோட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: உள்ளே பருத்தி பனியன் போடாதீர்கள். வியர்வையில் நனைந்தால் அங்கே காயாது. கம்பளி வாங்குங்கள்.